வரவேற்பறை விளையாட்டுக் கணினி

வரவேற்பறை விளையாட்டுக் கணினி என்பது, வீட்டின் கூடத்தில் உள்ள தொலைக்காட்சியுடன் இணைத்து, சோபாவிலோ தரையிலோ அமர்ந்தபடி விளையாடுவதற்கென உதிரிபாகங்களைத் தேர்ந்து சேர்க்கும் கணினி ஆகும். மேசைக் கணினியின் திரை கண்ணிலிருந்து இரண்டு அடி தொலைவில் இருக்கும். கூடத்துத் திரையோ ஆறு முதல் பத்து அடி தொலைவில் இருக்கும். இந்த ஒரு வேறுபாடே எந்தத் திரை, எந்தக் கிராபிக்ஸ் கார்டு, எவ்வளவு மின்சாரம், எவ்வளவு பணம் என்ற மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் விடையை மாற்றிவிடுகிறது.

பலர் முதலில் கிராபிக்ஸ் கார்டை வாங்கிவிட்டு, மீதிப் பணத்தில் மற்றவற்றைச் சமாளிக்கின்றனர். முறையான வரிசை இதற்கு நேர் எதிரானது. உட்காரும் இடம் திரையைத் தீர்மானிக்கும். திரை கிராபிக்ஸ் கார்டைத் தீர்மானிக்கும். கார்டு, மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியையும் கேபினெட்டையும் தீர்மானிக்கும். இவ்வரிசையில் சென்றால், பல வீடுகளில் தேவைப்படும் தொகை முதலில் நினைத்ததைவிடக் குறைவாகவே இருக்கும்.

பின்னணி

தமிழ்நாட்டு வீடுகளில் தொலைக்காட்சி நெடுங்காலமாகக் கூடத்தின் நடுநாயகப் பொருளாக இருந்து வருகிறது. 2006-இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வழங்கப்பட்டவை 14 அங்குலப் பெட்டிகள். இன்று அதே சுவரில் 43 அல்லது 55 அங்குலத் தட்டைத் திரை தொங்குகிறது.

கணினி விளையாட்டைக் கூடத்திற்குக் கொண்டுவரும் முயற்சியில் வால்வ் நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதன் ஸ்டீம் மென்பொருளில் 2012 டிசம்பரில் 'பிக் பிக்சர்' என்னும் காட்சிமுறை வந்தது. எழுத்துகளைப் பெரிதாக்கி, விசைப்பலகை இல்லாமல் கண்ட்ரோலரைக் கொண்டே இயக்கும் வசதி அது. 2015 நவம்பரில் 'ஸ்டீம் மெஷின்' என்ற பெயரில் பல நிறுவனங்கள் கூடத்துக் கணினிகளை விற்றன. அவை பெரிய வரவேற்பைப் பெறவில்லை. லினக்சில் ஓடும் விளையாட்டுகள் அப்போது குறைவாக இருந்தது ஒரு முக்கியக் காரணம். 2018-இல் வந்த 'புரோட்டான்' மென்பொருள், விண்டோசுக்கென எழுதப்பட்ட விளையாட்டுகளை லினக்சிலும் ஓடச் செய்தது. அதை நம்பியே 2022-இல் ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி வெளிவந்தது. 2025 நவம்பரில் வால்வ் தானே புதிய ஸ்டீம் மெஷினை அறிவித்தது.

இடமும் சூழலும்

உதிரிபாகங்களைப் பரிந்துரைக்கும் பெரும்பாலான வழிகாட்டிகள் குளிர்நாட்டு வீடுகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. தென்காசி மாவட்டத்திலுள்ள சங்கரன்கோவில் போன்ற ஊரில் சில கூடுதல் கணக்குகள் தேவை.

முதலாவது வெப்பம். கோடையில் குளிர்சாதனம் இல்லாத கூடத்தின் வெப்பநிலை 35 பாகை செல்சியசை எளிதில் எட்டும். கணினியின் விசிறி அறையிலுள்ள காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது. அறைக் காற்று பத்துப் பாகை கூடினால், உள்ளிருக்கும் பாகங்களின் வெப்பமும் ஏறத்தாழ அதே அளவு கூடும்.

இரண்டாவது தூசு. சங்கரன்கோவில் விசைத்தறி ஊர். தறிக்கூடத்தை ஒட்டிய வீடுகளில் பறக்கும் பஞ்சுத் தூசு சாதாரண மண் தூசைப் போன்றதன்று. அது விசிறியிலும் வெப்பத்தகட்டு இடுக்குகளிலும் மெல்லிய துணிபோலப் படிந்து காற்றை அடைத்துவிடும்.

மூன்றாவது மின்சாரம். மின்தடை, மின்னழுத்த ஏற்ற இறக்கம், மழைக்கால இடி மின்னல் ஆகிய மூன்றுக்கும் கணினி ஆளாகும். நான்காவது கடைத் தொலைவு. பாகம் பழுதானால் தென்காசி, திருநெல்வேலி அல்லது மதுரைக்குக் கொண்டு செல்ல வேண்டியிருக்கும். எனவே எளிதில் பழுதாகாத பாகமே மலிவான பாகம்.

திரை

திரையைத் தேர்வதற்கு முன் அளவுநாடாவை எடுத்து, உட்காரும் இடத்திலிருந்து திரை வரையுள்ள தொலைவை அளக்க வேண்டும்.

திரையில் தெரியும் படம் படப்புள்ளிகளால் ஆனது. 1080பி எனப்படும் முழு எச்.டி. திரையில் 1920 × 1080, அதாவது சுமார் 20.7 இலட்சம் புள்ளிகள் உள்ளன. 1440பி-யில் சுமார் 36.9 இலட்சம். 4கே திரையில் 3840 × 2160, அதாவது சுமார் 82.9 இலட்சம். 4கே என்பது முழு எச்.டி.யைப் போலச் சரியாக நான்கு மடங்கு. கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் நொடிக்குப் பல முறை கணக்கிட வேண்டும் என்பதால், அதன் வேலையும் பல மடங்கு பெருகும்.

கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. இயல்பான பார்வை உடையவரின் கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குக் கோணம் வரையிலான நுணுக்கத்தைப் பிரித்தறியும். இதைக் கொண்டு, எந்தத் தொலைவுக்கு அப்பால் முழு எச்.டி. படத்தின் தனித்தனிப் புள்ளிகள் கண்ணுக்குத் தெரியாமல் போகும் எனக் கணக்கிடலாம்:

32 அங்குலத் திரை: சுமார் 4.2 அடி
43 அங்குலத் திரை: சுமார் 5.6 அடி
50 அங்குலத் திரை: சுமார் 6.5 அடி
55 அங்குலத் திரை: சுமார் 7.2 அடி
65 அங்குலத் திரை: சுமார் 8.5 அடி

4கே-யின் முழுப் பயனையும் பெற வேண்டுமானால் இத்தொலைவுகளில் பாதியில் அமர வேண்டும். 43 அங்குலத் திரைக்கு அது மூன்று அடிக்கும் குறைவு. கூடத்தில் அப்படி யாரும் உட்கார்வதில்லை. எட்டு அடி தள்ளி அமர்ந்து 43 அங்குலத் திரையில் விளையாடுபவருக்கு 1080பி-க்கும் 4கே-க்கும் இடையிலான வேறுபாடு மிகக் குறைவாகவே தெரியும்.

இது ஒரு தோராயக் கணக்கு. கூரிய பார்வை உடையவர்கள் உண்டு. அசையும் காட்சியில் கோடுகளின் விளிம்பு மினுங்குவது இன்னும் சற்றுத் தொலைவிலும் தெரியலாம். அதே கணினியில் பாடம் படிக்கவும் எழுதவும் விரும்பினால் 4கே திரையில் எழுத்துகள் தெளிவாக இருக்கும். இன்று 43 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிகளில் பெரும்பாலானவை 4கே என்பதால், திரையை 4கே ஆக வாங்குவதில் தவறில்லை. அந்த 4கே-க்கு ஈடுகொடுக்கும் கிராபிக்ஸ் கார்டை வாங்க வேண்டும் என்பதுதான் அவசியமில்லை.

புள்ளிகளின் எண்ணிக்கையைவிட விளையாட்டில் கூடுதலாக உணரப்படுபவை வேறு இரண்டு.

முதலாவது தாமதம். பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் அதன் விளைவு தெரிவதற்கும் இடைப்பட்ட நேரத்தில் தொலைக்காட்சிக்கும் ஒரு பங்கு உண்டு. படத்தை மெருகேற்றும் வேலைகளால் சாதாரண நிலையில் அது 50 மில்லிநொடியைத் தாண்டுவதும் உண்டு. 'கேம் மோடு' என்ற நிலைக்கு மாற்றினால் அந்த வேலைகள் நிறுத்தப்பட்டுத் தாமதம் பெரிதும் குறையும். கடையில் தொலைக்காட்சியை இயக்கிப் பார்க்கும்போதே இந்த நிலை இருக்கிறதா என்று அமைப்புப் பட்டியலில் பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது புதுப்பிப்பு வீதம். 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு படத்தை 16.7 மில்லிநொடி காட்டும். 120 ஹெர்ட்ஸ் திரை 8.3 மில்லிநொடியில் அடுத்த படத்துக்கு மாறும். வேகமான பந்தய, சுடும் விளையாட்டுகளில் இந்த வேறுபாடு தெரியும். கதை, புதிர், மட்டைப்பந்து போன்ற விளையாட்டுகளுக்கு 60 ஹெர்ட்ஸ் போதும். விளம்பரத்தில் 'மோஷன் ரேட்' போன்ற பெயரில் தரப்படும் பெரிய எண் உண்மையான புதுப்பிப்பு வீதமாக இருக்க வேண்டியதில்லை. 'நேட்டிவ்' அல்லது 'பேனல்' வீதம் என்ன என்று கேட்க வேண்டும்.

4கே படத்தை நொடிக்கு 60 முறை அனுப்ப எச்.டி.எம்.ஐ. 2.0 போதுமானது. அதன் திறன் நொடிக்கு 18 கிகாபிட். 120 முறை அனுப்ப, 48 கிகாபிட் வரை திறன் கொண்ட எச்.டி.எம்.ஐ. 2.1 வேண்டும். தொலைக்காட்சியிலுள்ள எல்லாத் துளைகளும் ஒரே தரத்தில் இருப்பதில்லை. எந்தத் துளை எது என்று கையேட்டில் பார்க்க வேண்டும். பல தொலைக்காட்சிகளில் அந்தத் துளையின் பெயரைப் 'பிசி' என மாற்றினால் எழுத்துகள் கூடுதல் தெளிவு பெறும். படத்தின் ஓரம் வெட்டுப்பட்டால் தொலைக்காட்சியின் 'ஓவர்ஸ்கேன்' வசதியை நிறுத்திவிட வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டு

வரைகலை அட்டை எனத் தமிழில் குறிக்கப்படும் கிராபிக்ஸ் கார்டே விளையாட்டுக் கணினியின் விலை மிகுந்த பாகம். திரைக் கணக்கு முடிந்த பிறகே இதற்கு வர வேண்டும்.

1080பி அல்லது 1440பி அளவில் நொடிக்கு 60 படங்கள் என்பதே இலக்கானால் நடுத்தரக் கார்டு போதும். என்விடியா ஆர்டிஎக்ஸ் 4060 (2023), ஆர்டிஎக்ஸ் 5060 (2025), ஏஎம்டி ஆர்எக்ஸ் 7600 (2023), ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி (2025), இன்டெல் ஆர்க் பி580 (2024) ஆகியவை இவ்வகை. இவற்றின் மின்நுகர்வு மாறுபடும். ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 115 வாட், ஆர்டிஎக்ஸ் 5060-க்கு 145 வாட், ஆர்எக்ஸ் 7600-க்கு 165 வாட், பி580-க்கு 190 வாட் எனத் தயாரிப்பாளர்கள் குறித்துள்ளனர். வெப்பம் மிகுந்த கூடத்தில், திறன் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும்போது குறைந்த வாட் கார்டே நல்லது. அது உண்ணும் மின்சாரம் முழுவதும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகவே வெளியேறுகிறது.

கார்டின் சொந்த நினைவகத்தையும் பார்க்க வேண்டும். புதிய விளையாட்டுகள் சில, உயர்ந்த காட்சித்தரத்தில் 8 ஜிபி-யை நிரப்பிவிடுகின்றன. பி580-இல் 12 ஜிபி உள்ளது. 9060 எக்ஸ்டி 8, 16 ஜிபி என இரு அளவுகளில் கிடைக்கிறது. 8 ஜிபி கார்டு வாங்குபவர் சில விளையாட்டுகளில் காட்சித்தரத்தை ஒரு படி இறக்க வேண்டியிருக்கும்.

குறைந்த புள்ளிகளில் படத்தைக் கணக்கிட்டுப் பின்னர் பெரிதாக்கிக் காட்டும் நுட்பங்களும் உண்டு. என்விடியாவின் டிஎல்எஸ்எஸ், ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர், இன்டெலின் எக்ஸ்இஎஸ்எஸ் ஆகியவை அவை. அருகில் பார்த்தால் தெரியும் சிறு குறைகள் எட்டு அடித் தொலைவில் பெரும்பாலும் தெரிவதில்லை. எனவே இந்நுட்பங்கள் மேசைக் கணினியைவிடக் கூடத்துக் கணினிக்கே கூடுதல் பயன் தருகின்றன.

செயலி, மதர்போர்டு, ரேம்

நொடிக்கு 60 படங்கள் என்ற இலக்குக்கு ஆறு உள்ளகங்கள் கொண்ட செயலி போதும். ஏஎம்டி ரைசன் 5 5600, ரைசன் 5 7600, இன்டெல் ஐ5-12400எஃப் ஆகியவை அறிமுகமானவை. இன்டெல் செயலியின் பெயர் இறுதியில் வரும் 'எஃப்', அதில் காட்சி வசதி இல்லை என்பதைக் குறிக்கும். அதனுடன் கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் திரையில் ஒன்றும் தெரியாது.

ரைசன் 5600 பொருந்தும் ஏஎம்4 மதர்போர்டும் அதற்குரிய டிடிஆர்4 ரேமும் பழைய தலைமுறையைச் சேர்ந்தவை. ரைசன் 7600 பொருந்தும் ஏஎம்5 போர்டு டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். பின்னாளில் செயலியை மட்டும் மாற்றிக்கொள்ள ஏஎம்5-இல் வாய்ப்பு அதிகம். 16 ஜிபி ரேம் தேவையான அளவு. ஒரே 16 ஜிபி பட்டையைவிட இரண்டு 8 ஜிபி பட்டைகளைப் போட்டால் தரவுப் பாதை இரட்டிப்பாகும். 2025 இறுதியில் ரேமின் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. ஆகவே பழைய விலைப்பட்டியலை நம்பித் திட்டமிடக் கூடாது.

சேமிப்புக்கு 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஏற்றது. 100 ஜிபி-க்கு மேல் இடம் கேட்கும் விளையாட்டுகள் உள்ளதால் 256 ஜிபி விரைவில் நிறைந்துவிடும்.

அலுவலகங்களில் கழித்துவிடப்பட்ட பழைய கணினியை வாங்கி அதில் கார்டைப் பொருத்தும் வழக்கமும் உண்டு. இதில் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. அவற்றில் பலவற்றின் எஸ்.எம்.பி.எஸ். சிறியதாகவும் அந்தத் தயாரிப்புக்கே உரிய வடிவிலும் இருக்கும். மேலும் 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறை முதலான செயலிகளையே ஏற்கிறது.

எஸ்.எம்.பி.எஸ்., யூ.பி.எஸ்.

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை, கணினிக்குத் தேவையான 12 வோல்ட் முதலிய நேர்மின்னோட்டமாக மாற்றுவது எஸ்.எம்.பி.எஸ். ஆகும். பட்ஜெட் கைமீறும்போது முதலில் வெட்டுப்படுவது இதுவே. வெட்டக் கூடாததும் இதுவே. மற்ற பாகங்கள் பழுதானால் பெரும்பாலும் அந்தப் பாகத்தோடு போகும். தரமற்ற எஸ்.எம்.பி.எஸ். பழுதாகும்போது மதர்போர்டையும் கார்டையும் சேர்த்துக் கெடுக்கலாம்.

செயலிக்கு 90 வாட், கார்டுக்கு 145 வாட், மற்றவற்றுக்கு 60 வாட் என்று கொண்டால் மொத்தம் சுமார் 300 வாட். இதற்கு அறியப்பட்ட நிறுவனத்தின் 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். பொருத்தமானது. '80 பிளஸ்' முத்திரை மின்சாரத்தை வீணாக்காத திறனை மட்டுமே குறிக்கும். பாதுகாப்புக்கு அது முழு உத்தரவாதம் அன்று. எனவே உத்தரவாதக் காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

யூ.பி.எஸ். வாங்கும்போது வி.ஏ. எண்ணையும் வாட் எண்ணையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 600 வி.ஏ. யூ.பி.எஸ். பொதுவாக 360 வாட் மட்டுமே தரும். கணினிக்கு 300, தொலைக்காட்சிக்கு 100 எனச் சேர்ந்தால் அது தாங்காது. 600 வாட் தரும் 1000 வி.ஏ. வகை வேண்டும். யூ.பி.எஸ். இருப்பது மின்தடையில் தொடர்ந்து விளையாடுவதற்காக அன்று. விளையாட்டைச் சேமித்துக் கணினியை ஒழுங்காக நிறுத்துவதற்காக. வீட்டு இன்வெர்ட்டரில் கணினியை இணைப்பதானால் அது சைன் அலை வகையாக இருப்பது நல்லது. சதுர அலை இன்வெர்ட்டர்களுடன் நவீன எஸ்.எம்.பி.எஸ். சில ஒத்துப்போவதில்லை.

கூடத்திலுள்ள மூன்று முனைத் துளையில் எர்த் உண்மையில் இணைக்கப்பட்டுள்ளதா என்பதை மின்பணியாளரைக் கொண்டு சோதிப்பது அவசியம். கேபினெட்டைத் தொடும்போது சுருக்கென்று உணர்ந்தால் எர்த் இல்லை என்று சந்தேகிக்க வேண்டும். இடி மின்னல் நேரத்தில் மின்செருகி, கேபிள், இணையக் கம்பி ஆகிய அனைத்தையும் கழற்றிவிடுவதே நம்பகமான பாதுகாப்பு.

மின்கட்டணத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். கணினியும் தொலைக்காட்சியும் சேர்ந்து 400 வாட் என்றால், நாளுக்கு மூன்று மணி நேரம் வீதம் 60 நாட்களில் 72 யூனிட் ஆகும். தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரு மாதங்களுக்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது. நுகர்வு 500 யூனிட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுகளுக்கு மட்டுமன்றி, கீழ்ப்படியில் உள்ள சில யூனிட்டுகளுக்கும் கட்டண வீதம் உயரும். ஏற்கனவே 450 யூனிட் செலவாகும் வீட்டில் இந்த 72 யூனிட் அந்த எல்லையைத் தாண்டச் செய்துவிடும்.

கேபினெட்டும் வைக்கும் இடமும்

கூடத்துக்குச் சிறிய கேபினெட் அழகாக இருக்கும். ஆனால் மூன்று பக்கமும் பலகை அடைத்த டி.வி. ஷோகேசுக்குள் அதைச் செருகினால், வெளியேறிய சூடான காற்றையே விசிறி திரும்ப இழுக்கும். முன்பக்கம் வலையுள்ள கேபினெட்டை, பின்புறமும் மேற்புறமும் குறைந்தது அரை அடி இடைவெளி விட்டு, தரையிலிருந்து சற்று உயரத்தில் வைப்பது நல்லது. கழற்றித் துடைக்கக்கூடிய தூசு வடிகட்டி இருக்க வேண்டும். தறித்தூசு உள்ள வீடுகளில் அதை வாரம் ஒருமுறை துடைக்கலாம். வாங்கும் முன் கார்டின் நீளம் கேபினெட்டுக்குள் அடங்குமா என்று மில்லிமீட்டர் கணக்கில் ஒப்பிட வேண்டும்.

கம்பியில்லாக் கண்ட்ரோலரின் புளூடூத் வாங்கியைக் கணினியின் பின்னால் செருகினால் இரும்புப் பெட்டி அலையை மறைக்கும். சிறிய யூ.எஸ்.பி. நீட்டிப்புக் கம்பியால் அதைத் திரைக்கு முன்பக்கம் கொண்டுவந்தால் இத்தொல்லை பெரும்பாலும் தீரும்.

வாங்கும் முறை

2025 செப்டம்பர் 22 முதல், 32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிகளுக்கும் கணினித் திரைகளுக்கும் சரக்கு மற்றும் சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. உதிரிபாகங்களைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும், அருகிலுள்ள நகரத்தில் வாங்கினாலும், இணையத்தில் வாங்கினாலும் விலையோடு உத்தரவாதச் சேவை எங்கே கிடைக்கும் என்பதையும் ஒப்பிட வேண்டும். சில நூறு ரூபாய் மிச்சப்படுத்தி வாங்கிய பொருளைப் பழுதானபோது சென்னை வரை அனுப்ப நேர்ந்தால் மிச்சம் மிஞ்சாது. வரியுடன் கூடிய ரசீது பெறுவதும், அதில் பாகத்தின் வரிசை எண் எழுதப்பட்டிருப்பதும், பெட்டிகளை உத்தரவாதக் காலம் வரை பத்திரப்படுத்துவதும் தேவை.

பணம் ஒரே நேரத்தில் சேராத வீடுகளில் படிப்படியாகவும் வாங்கலாம். ரைசன் 5 8600ஜி போன்ற, காட்சி வசதி உள்ளமைந்த செயலியுடன் தொடங்கி, ஏற்கனவே உள்ள தொலைக்காட்சியில் எளிய விளையாட்டுகளையும் படிப்பு வேலைகளையும் செய்துகொள்ளலாம். எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் முதலிலேயே 550 வாட்டாக வாங்கிவிட்டால், ஓராண்டு கழித்துக் கார்டு மட்டும் சேர்த்தால் போதும்.

எடுத்துக்காட்டு

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கூடம், சுவரில் ஏற்கனவே உள்ள 43 அங்குல 4கே 60 ஹெர்ட்ஸ் தொலைக்காட்சி, எட்டு அடித் தொலைவில் இருக்கை என்று கொள்வோம். அட்டவணைப்படி 5.6 அடிக்கு அப்பால் 1080பி போதும். தொலைக்காட்சி நொடிக்கு 60 படங்களுக்கு மேல் காட்டாது. எனவே புதிய தொலைக்காட்சியும் தேவையில்லை, 4கே கார்டும் தேவையில்லை. 115 முதல் 145 வாட் வரையிலான கார்டு, ஆறு உள்ளகச் செயலி, 16 ஜிபி ரேம், 1 டிபி எஸ்எஸ்டி, 550 வாட் எஸ்.எம்.பி.எஸ்., வலை முகப்புள்ள கேபினெட் ஆகியவை இவ்வீட்டுக்குப் பொருந்தும். மிச்சமாகும் தொகையில் 1000 வி.ஏ. யூ.பி.எஸ்.ஸும் எர்த் வேலையும் முடிந்துவிடும்.

அசெம்பிள் செய்து வீட்டுக்கு வந்ததும் எச்.டி.எம்.ஐ. கம்பியை மதர்போர்டின் துளையில் அல்லாமல் கிராபிக்ஸ் கார்டின் துளையில் செருக வேண்டும். இதைத் தவறாகச் செருகிவிட்டு, புதிய கார்டு வேலை செய்யவில்லை என்று கடைக்குத் திரும்பத் தூக்கிச் செல்வோர் உண்டு.